இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்: ஒரு எம்ஜிபி பந்தயக் காரான கதை

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டுகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைசக்தி?" என்பதுதான். ஊரிலிருந்து போனில் பேசும் தம்பியும் கேட்கிறான், இங்கே ஆக்ஸ்போர்டில் கூட வேலை பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். பதில் சொல்வதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணில் இந்தக் காரின் கதை இல்லை. நாங்கள் போட்ட பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போனது. கதவுக்கு அடியில் இருக்கும் தகடு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் ஒரு தடுப்பு, பின் அச்சைப் பிடித்திருக்கும் கமான் பட்டை, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஒரு குழாய் என்று அந்தப் பட்டியல் நீளும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

"நாங்கள்" என்றால் நானும் பக்கத்துத் தெருப் பெரியவரும். அவர் பதினாறு வயதில் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் சேர்ந்தவர். 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே போய்த் தொழிற்சாலை மூடப்படும்வரை அங்கேதான் இருந்தார். ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற பெயரில் தொடங்கி, 1929-இல் அபிங்டனுக்கு வந்த நிறுவனம் அது. அபிங்டனில் இயந்திரத்தால் நகரும் பெல்ட் கிடையாது. ஸ்விண்டனிலிருந்து வந்த பாடியை ஆட்கள் கையால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பாகமாகப் பொருத்தினார்கள். அப்படிப் பொருத்திப் பழகிய கை என்பதால், எந்த போல்ட்டை எந்தப் பக்கமிருந்து எட்டலாம் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் இல்லாமல் இந்த வேலையை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பழைய கார்ப் பிரியர்கள் இதில் கோபப்படுவார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வெட்டிப் பந்தயக் காராக்குவது சரியா? என் கருத்து: கூடாது. முழுசாக, அசல் பெயிண்டோடு, அசல் இருக்கைகளோடு இருக்கும் வண்டியில் ரம்பத்தை வைக்கக் கூடாது. ஆனால் எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார். துருப்பிடித்து, பாதிப் பாகங்கள் காணாமல் போய், கொட்டகைகளில் கிடக்கும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் வாங்கியது அப்படிப்பட்ட 1965 ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத வகை. இருக்கை இல்லை, கூரைத்துணி இல்லை, இன்ஜின் மட்டும் தனியே ஒரு பலகையில் கிடந்தது. அதைச் சாலைக்குத் தயார் செய்ய ஆகும் செலவில் நல்ல எம்ஜிபி இரண்டு வாங்கியிருக்கலாம். பந்தயக் காராவதுதான் அதற்கு இருந்த ஒரே வழி.

ஏன் 1965 என்பதற்கும் காரணம் உண்டு. பழங்காலக் கார்ப் பந்தயங்களுக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 'அப்பெண்டிக்ஸ் கே' என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. அதில் 1962 தொடக்கம் 1965 முடிவு வரையிலான கார்கள் 'காலம் எஃப்' என்ற பிரிவில் வரும். அந்தக் காலத்தில் அந்தக் கார் எந்தப் பாகங்களோடு பந்தயத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதோ, அவற்றோடுதான் இன்றும் ஓட வேண்டும். அதோடு, 1964 கடைசியில்தான் எம்ஜிபியின் இன்ஜினில் பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்று பேரிங்குக்குப் பதில் ஐந்து பேரிங் வந்தது. ஆக 1965 வண்டி என்றால் ஐந்து பேரிங் இன்ஜினும் கிடைக்கும், காலப் பிரிவுக்குள்ளும் வரும்.

சரி, பாடிக்கு வருவோம். இங்கேதான் எல்லாமே இருக்கிறது.

எம்ஜிபிக்கு முன்பிருந்த எம்ஜிஏ காரில் கனமான சேஸிஸ் தனியாக இருக்கும், பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். பாடி துருப்பிடித்தாலும் சேஸிஸ் தாங்கும். சிட் எனெவர் தலைமையில் எம்ஜிபியை வடிவமைத்தபோது அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். தகடுகளை மடித்து வெல்டிங் செய்த பாடியே சேஸிஸும் ஆகிவிட்டது. கூரையில்லாத காரில் இதைச் செய்வது எளிதல்ல. மூடிய கார் என்றால் கூரையும் தூண்களும் சேர்ந்து முறுக்கத்தைத் தாங்கும். ரோட்ஸ்டரில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இடையே பெரிய ஓட்டைதான் இருக்கிறது, அங்கேதான் கதவும் மனிதர்களும். அந்த இடைவெளியை இணைப்பவை பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் ஓடும் நடுச் சுரங்கமும், கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும், 'சில்' (sill) எனப்படும் பெட்டி போன்ற பகுதியும். காரின் முதுகெலும்பே அந்த இரண்டு சில்களும்தான் என்று சொன்னால் மிகையில்லை.

சில்லை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு மாதிரித் தெரியும். உள்ளே மூன்று அடுக்கு: வெளித்தகடு, அதற்குள் ஒரு நடுத்தகடு, அடியில் கோட்டை மதில் போல் மடித்த ஒரு நீள்பகுதி. முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு முன் விங்குக்குள் (மட்கார்டுக்குள்) பின்பக்கமாகப் போய்த் தங்கும். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் உப்பு போடுவார்கள். உப்பும் ஈரச் சேறும் அறுபது வருடம் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வண்டியில் வெளித்தகடு பளபளப்பாகத்தான் இருந்தது, யாரோ எப்போதோ புதுத் தகட்டைப் பழசின் மேலேயே வைத்து வெல்டிங் செய்து பட்டி பூசியிருந்தார்கள். அதை வெட்டி எடுத்தபோது உள்ளே நடுத்தகடு என்று ஒன்று இல்லவே இல்லை, பழுப்புத் தூள்தான் கொட்டியது.

ரோட்ஸ்டரில் சில்லை வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது, பெரியவர் அதில் மிகக் கறாராக இருந்தார். முதலில் பாடியைச் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களில், அதாவது ஓடும்போது எடை இறங்கும் இடங்களில், ஸ்டாண்டு வைத்துத் தாங்க வேண்டும். கதவு ஓட்டைக்குக் குறுக்கே மேலும் கீழும் இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு ஒரு பக்கச் சில்லை மட்டும் வெட்டி, முழுதாக முடித்த பின்தான் அடுத்த பக்கத்தைத் தொடலாம். இல்லாவிட்டால் நடுப்பகுதி மெல்லத் தொய்ந்து கதவின் மேல் இடைவெளி சுருங்கிவிடும். அந்த நிலையில் புதுச் சில்லை வெல்டிங் செய்தால் வளைந்த கார் வளைந்தபடியே இறுகிப்போகும். ஒவ்வொரு தகடு வைக்கும்போதும் கதவை மாட்டித் திறந்து மூடிப் பார்த்தோம். கதவு எங்களுக்கு அளவுகோலாக இருந்தது.

இவ்வளவு பாடுபட வேண்டாம் என்றால் வேறு வழியும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்ஜிபி பாடியைப் புதிதாகவே செய்கிறது, அதுவும் தொழிற்சாலையின் பழைய அச்சுகளையே தேடி எடுத்து. இப்போது அவர்களுடைய பட்டறை விட்னியில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். பந்தயத்துக்குக் கார் கட்டும் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். துருவே இல்லாத பாடி கிடைக்கும். பணம் இருப்பவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். எங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. தவிர, பழைய பாடியைப் பிரித்துச் சேர்த்ததில் இந்தக் காரின் ஒவ்வொரு மடிப்பையும் தெரிந்துகொண்டேன்.

பாடி நேரானதும் கூண்டு. பந்தயக் காரில் தலைக்குமேல் இருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு கவிழ்ந்தால் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆனால் அது பாடியின் முறுக்கத்தையும் குறைக்கிறது. கூரையில்லாத எம்ஜிபிக்கு இது பெரிய உதவி. முதன்மை வளைவுக்கு எஃப்ஐஏ விதி கேட்பது தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய், விட்டம் 45 மில்லிமீட்டரும் தடிமன் 2.5 மில்லிமீட்டரும், அல்லது 50-க்கு 2. அந்தக் குழாய் காலூன்றும் இடம் மெல்லிய தரைத்தகடாக இருந்தால் விபத்தில் குழாய் தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால் அடியில் தடித்த தகடு வைத்து எடையைப் பரப்ப வேண்டும். புதுச் சில்லுக்கு இங்கேயும் வேலை வந்தது. கூண்டை வளைத்துத் தந்தவர்கள் அந்த வேலையையே தொழிலாகச் செய்பவர்கள். உயிர் போகும் வேலையில் கற்றுக்குட்டித்தனம் வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே மனதாக இருந்தோம்.

எடை குறைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையில் ஒட்டியிருந்த தார் அட்டைகள், ஹீட்டர், பம்பர், ஓவர்டிரைவ் எல்லாம் போனது. அப்போதைய எம்ஜிபிகளில் பானட் தொழிற்சாலையிலேயே அலுமினியம், அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். பழைய எம்ஜிபியில் இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் பேட்டரியும், வெளியிலிருந்து யாரும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி ஒரு ஸ்விட்சும் வைத்தோம். பெட்ரோல் டேங்குக்குப் பதில் உள்ளே நுரைப்பஞ்சு அடைத்த ரப்பர்ப் பை. இடித்தாலும் பெட்ரோல் சிதறாது.

சஸ்பென்ஷனில்தான் விதிப்புத்தகம் உண்மையிலேயே சுவாரசியமாகிறது. எம்ஜிபியில் இன்றைய கார்களில் இருப்பது மாதிரி நீளக்குழாய் ஷாக் அப்சார்பர் கிடையாது. நெம்புகோல் வகை டேம்பர்தான். முன்பக்கத்தில் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் விஷ்போனே அந்த டேம்பரின் கைதான், அதாவது டேம்பர் தேய்ந்தால் சக்கரத்தின் நிலையே ஆடும். எளிய வழி, அதைத் தூக்கியெறிந்துவிட்டு நவீன டேம்பர் மாட்டுவது. சாலையில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். எங்கள் பிரிவில் அது முடியாது, நெம்புகோலோடுதான் வாழ வேண்டும். நல்ல வேளையாக அது சரிசெய்ய முடியாத கருவி அல்ல. உள்ளே ஒரு சிறு வால்வு இருக்கிறது, அதன் ஸ்பிரிங்கை மாற்றலாம், ஆயிலின் பதத்தை மாற்றலாம். பெரியவர் அந்த வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து, கையை நெம்பிப் பார்த்து, நான்கும் ஒரே மாதிரி எதிர்க்கும்வரை விடவில்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய பொறியாளர்கள் எந்தக் கருவியோடு போராடினார்களோ அதே கருவியோடு நாமும் போராடும்போது, அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது விரல்வழியே தெரிகிறது. இந்தப் பந்தயத்தை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

முன்பக்கம் தாழ்வான, விறைப்பான ஸ்பிரிங், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார். பின்பக்கம் தட்டையாக்கிய கமான் பட்டை. பிரேக்கைப் பொறுத்தவரை முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற பழைய ஏற்பாடே. நல்ல பேட், அதிகக் கொதிநிலை உள்ள பிரேக் ஆயில், முன்னாலிருந்து டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். இந்தக் குழாய் மலிவானது, மாட்டுவதும் சுலபம். அது இல்லாவிட்டால் சில சுற்றுகளிலேயே பெடல் தரையைத் தொடும்.

இப்போது இன்ஜின்.

எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் பி-சீரிஸ் இன்ஜின் இரும்பு பிளாக், இரும்பு ஹெட். 1798 சிசி, சிலிண்டர் விட்டம் 80.26 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9 மில்லிமீட்டர். ஓட்டம் நீளமென்பதால் வேகமாகச் சுழலத் தயங்கும், ஆனால் கீழ்வேகத்தில் நன்றாக இழுக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 95 குதிரைசக்தி. அதன் ஹெட்டில்தான் விசேஷம். நான்கு சிலிண்டருக்கு, பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகும் இன்லெட் வாய் நான்கு இருக்க வேண்டும் அல்லவா? இதில் இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாயைப் பகிர்ந்துகொள்ளும், மூன்றும் நான்கும் இன்னொன்றை. எக்ஸாஸ்ட் பக்கம் மூன்று வாய், நடுவில் உள்ளது இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது. தீ பற்றும் வரிசை 1-3-4-2. அந்த வரிசையை எழுதிப் பார்த்தால் சிக்கல் புரியும்: இரண்டாம் சிலிண்டர் உறிஞ்சி முடிப்பதற்குள் முதலாவது உறிஞ்சத் தொடங்கிவிடும், ஒரே வாயிலிருந்து. மூன்றுக்கும் நான்குக்கும் அதே கதை. பந்தயத்துக்கான கேம் ஷாஃப்ட் வால்வை இன்னும் நீண்ட நேரம் திறந்து வைப்பதால் இந்தப் பறிப்பு மேலும் கூடும். ஆகவே எவ்வளவு பெரிய கேம் கிடைத்தாலும் போட்டுவிடலாம் என்ற எண்ணம் இந்த இன்ஜினில் பலிக்காது.

எங்கள் வழி நிதானமானது. சிலிண்டரை 60 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக்கினோம், அது கிட்டத்தட்ட 1868 சிசி. வாய்களை அகலப்படுத்துவதைவிட வால்வுக்கு அருகே இருக்கும் வளைவைச் சீராக்குவதில் நேரம் செலவழித்தோம். ஒரே ஒரு வெபர் 45 கார்புரேட்டர், அதன் இரண்டு குழல்களும் இரண்டு வாய்க்கு. எஃகு கிராங்க், எடை குறைத்த ஃப்ளைவீல், இரட்டைச் சங்கிலி. அளவிட்டபோது 130 குதிரைசக்தியைக் கொஞ்சம் தாண்டியது. இதைவிட அதிகம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டது சீசன் முழுக்கத் திறக்காமல் ஓடும் இன்ஜின், அது கிடைத்தது.

இன்ஜினில் நான் மிகவும் கவனம் செலுத்தச் சொல்வது சம்ப்பைத்தான். நீண்ட வளைவில் கார் போகும்போது ஆயில் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கும். உறிஞ்சு குழாய் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது, அந்தச் சில நொடிகளில் விலை உயர்ந்த கிராங்க் கருகிவிடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகளும், ஆயில் ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சிறு கதவுகளும் வைத்தோம். டாஷ்போர்டில் வேகமானி இல்லை. ஆயில் அழுத்த மீட்டரை நேர் எதிரே வைத்து, அழுத்தம் இறங்கினால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு விளக்கு ஒன்றையும் பக்கத்தில் மாட்டினோம்.

இந்தக் கார் பந்தயத்துக்குத் தகுமா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். 1963-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க்கும் ஆலன் ஹட்சிசனும் ஒரு எம்ஜிபியை ஓட்டினார்கள். தொடக்கத்திலேயே கார் மணலில் புதைந்துவிட்டது. ஹட்சிசன் அதைத் தோண்டி வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அப்படியும் 24 மணி நேரம் முடியும்போது ஒட்டுமொத்தத்தில் 12-ஆம் இடம், தன் பிரிவில் முதலிடம், சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர். 1966-இல் நியூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடிய மாரத்தான் டி லா ரூட் போட்டியில் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னேவும் ஓட்டிய எம்ஜிபிதான் வென்றது. மூன்றரை நாள்! அதைவிட வேகமான கார்கள் இருந்தன. உடையாமல் நின்றது இது.

பந்தய நாளில் முதலில் பரிசோதகர் வருவார். கூண்டு, பெல்ட், இருக்கை, தீயணைப்பான், ஸ்விட்ச் எல்லாம் பார்ப்பார். பெல்ட்டுக்கும் இருக்கைக்கும் காலாவதித் தேதி உண்டு, தேதி தாண்டியிருந்தால் அவ்வளவுதான். சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டரில் சத்தத்தை அளப்பார்கள். புதிதாக உரிமம் வாங்கியவன் என்பதற்கு அடையாளமாகக் காரின் பின்னால் மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல் குறி. அதை ஒட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில்வர்ஸ்டோன் தடத்தில் முதல் முறை ஓட்டிய அன்று சோழவரம் ஞாபகம் வந்தது. இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்கள். போர் முடிந்ததும் காலியாகக் கிடந்த ஓடுபாதையில் கார்க்காரர்கள் புகுந்தார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் வரும்வரை சென்னையில் பந்தயம் என்றால் சோழவரம்தான். அப்பா தன் நண்பர்களோடு ஸ்கூட்டரில் அங்கே போய் நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்ததைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது.

பிராண்ட்ஸ் ஹேச் தடத்தில்தான் காரின் குணம் முழுதாகத் தெரிந்தது. பேடாக் ஹில் வளைவு, இறங்கிக்கொண்டே வலப்பக்கம் திரும்பும். முதலில் பாதாளத்தில் விழுவது மாதிரி வயிறு கலங்கும். அங்கே முன்சக்கரங்கள் சொன்னபடி கேட்டன, கார் முறுக்கிக்கொள்ளவில்லை, ஸ்டீயரிங்கில் கொடுத்தது சக்கரத்துக்கு அப்படியே போனது. சில்லுக்குள் போட்ட மூன்று அடுக்குத் தகட்டை அந்த இடத்தில் என் முதுகில் உணர்ந்தேன். என்னைவிடச் சக்தி அதிகமுள்ள ஒரு கார் நேர்ப்பாதையில் என்னைத் தாண்டிப் போகும், வளைவில் நான் அதன் பம்பருக்கே வந்துவிடுவேன். பந்தயம் முழுக்க இப்படியே நடந்தது. குதிரைசக்தி கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: நேர்ப்பாதை கொஞ்சம்தான், மீதியெல்லாம் வளைவு.

குறை இல்லாமல் இல்லை. அதே தடத்தின் ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதித்தால் பின் அச்சு கமான் பட்டையோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு தட தடவெனத் துள்ளுகிறது. கமான் பட்டையில் தொங்கும் அச்சுக்கு இது பழைய வியாதி. சக்கரம் பிடியை விட்டு விட்டுப் பிடிக்கும், சக்கரத்தைச் சுழற்றும் அரைத் தண்டும் அடி வாங்கும். பட்டையின் முன்பாதியை விறைப்பாக்கலாம், அல்லது அச்சு முறுக்காமல் தடுக்கும் கம்பிகளை விதி அனுமதிக்கும் முறையில் மாட்டலாம். பெரியவர் முதல் வழியில் நிற்கிறார், எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை. இந்தக் குளிர்காலத்தில் முதலில் அவர் சொல்வதைச் செய்து பார்க்கிறோம், புதுப் பட்டைகளுக்குச் சொல்லியாகிவிட்டது.